நியூ மின்னலின் லெக் அம்பயர்

பையைக் கொஞ்சம் மடியில தூக்கி வச்சுக்கிடுதியளா அண்ணாச்சி? ஆங், போதும் போதும். நான் சுரண்டை போறேன். நீங்க? சேர்ந்தமரமா, அப்ப முக்கா மணி நேரம் இருக்கு, நல்லதாப் போச்சு. பேப்பர்ல விளையாட்டுப் பக்கம்தானே பார்க்கிய? பாருங்க பாருங்க. நான் ஒண்ணும் பேசல.

இல்ல, ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன். பொண்டாட்டி புருஷனை விட்டுட்டு அம்மா வீட்டுக்குப் போறான்னா என்ன காரணம் இருக்கும்? அவன் குடிக்கணும், அடிக்கணும், இல்லன்னா வேற எங்கயாவது தொடுப்பு இருக்கணும். எனக்கு வெத்தலை போடுற பழக்கம்கூடக் கிடையாது. நான் செஞ்சதெல்லாம் ஒரு விரலைத் தூக்கினது. இந்தா, இந்த விரல்தான். அதுக்கு என் வீட்டுக்காரி வடிவு நாலு சேலையை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டுப் போயி இன்னையோட எட்டு நாளாச்சு.

போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டா. அதுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க, எந்த பதிலா இருந்தாலும் சரி, உடனே திரும்பி வந்துருதேன்னா. நான் சொல்லல. ஏன் சொல்லணும்? அம்பயர் குடுத்த தீர்ப்புல பொண்டாட்டி வந்து தலையிடலாமா? உலகத்துல எங்கயாவது நடக்குமா? அதான் இன்னைக்குக் கடையைச் சாத்திட்டு, நேர்லயே போயிப் பேசிக் கையோட கூட்டிட்டு வந்துருவோம்னு கிளம்பிட்டேன்.

நீங்களே கேட்டுட்டு ஒரு நியாயம் சொல்லுங்க. வெளியூர்க்காரர், யாரு பக்கமும் சாய மாட்டிய.

என் பேரு கோமதிநாயகம். ஊத்துப்பாறையில பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். ஆனா ஊருக்குள்ள வந்து காயில் கடைன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. கேப்டன் கடைன்னு கேக்கணும். நியூ மின்னல் கிரிக்கெட் கிளப்புக்குப் பத்தொம்பது வருஷமா நான்தான் கேப்டன், பாத்துக்கிடுங்க. பழைய மின்னல்னு ஒண்ணு இருந்துச்சு. அதுல என்னைய மூணாவது ஆளா இறங்கச் சொன்னாங்க. நான் மூணாவது இறங்குற ஆளா? அன்னைக்கே பிரிஞ்சு வந்துட்டேன். கூட எத்தனை பேரு வந்தாங்கன்னு கேக்காதிய. ஸ்டம்பு ஆறும் என்கூட வந்துச்சு. ஸ்டம்பு இருக்கிற எடத்துக்கு ஆளு தானா வந்துரும்லா.

பத்தொம்பது வருஷத்துல எத்தனை கோப்பை வாங்கினியன்னு கேப்பிய. எல்லாரும் அதத்தான் கேக்காங்க. கோப்பையா பெருசு? ஒரு டீமுன்னா கட்டுப்பாடு வேணும். எங்க டீம்ல கேப்டனை எதிர்த்து ஒரு பய பேசுனது கிடையாது. கோப்பை எந்தக் கடையிலயும் கிடைக்கும், அண்ணாச்சி. கட்டுப்பாடு கிடைக்குமா?

எங்க பக்கம் மழை விட்டதும் மார்கழிக் கோப்பைன்னு ஒண்ணு நடக்கும். கார்த்திகை கடைசி ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சு, காணும் பொங்கலன்னைக்கு ஃபைனல். எட்டு டீம். டென்னிஸ் பந்து, பத்து ஓவர். காலையில ஆறரைக்கு முதல் மேட்ச் போடுவாங்க. பனி அப்படிக் கொட்டும். பந்து ரெண்டு தடவை உருண்டாப் போதும், பிழிஞ்சா தண்ணி வரும். அதனால டாஸ் ஜெயிச்சவன் பந்து போடத்தான் கேப்பான். நான் மட்டும் பேட்டிங் கேப்பேன். பேட்டு என்னுது, அது காஞ்சு இருக்கும்போதே நான் ஆடிரணும்லா.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வாரேன். எங்க பக்கம் அம்பயருக்குன்னு தனியா ஆளு கிடையாது. எந்த டீம் பேட்டிங் பண்ணுதோ அதே டீம் ஆளு ரெண்டு பேரு போயி அம்பயரா நிக்கணும். அவுட்டாகி வந்தவன் ஒருத்தன், இன்னும் இறங்காதவன் ஒருத்தன். நம்ம ஆளு ஆடுதான், நம்ம ஆளே அம்பயர். அப்ப எப்படி அவுட் குடுப்பான்னு யோசிக்கிய. குடுக்கவே மாட்டான். ஸ்டம்பைப் பிடுங்கிக்கிட்டுப் போனா அவனே நடந்துருவான். கேட்ச் பிடிச்சா ஊரே பார்த்துரும். மத்தபடி ரன் அவுட்டு, ஸ்டம்பிங்குன்னு எவன் கத்தினாலும் வானத்தைப் பார்த்து நின்னுரணும். அடுத்தாப்பல அவங்க ஆடும்போது அவங்க ஆளும் அப்படித்தான் நிப்பான். சரிக்குச் சரியாப் போயிரும். எல்.பி.டபிள்யூ எங்க ஊர்ல கிடையவே கிடையாது. அதை வச்சா அன்னைக்கே அரிவாள் எடுத்துருவாங்க.

இதை மீறுனவன் எங்க டீம்ல ஒரே ஒருத்தன். பேச்சிமுத்துன்னு, கொத்தனார் வேலை பார்க்கான். ஆறு வருஷத்துக்கு முன்னால எனக்கு ரன் அவுட் குடுத்துட்டான். "அண்ணே, நீங்க பாதிப் பிட்ச்சுல நின்னிய"ங்கான். நான் எங்க நின்னா உனக்கென்னல? நான் கேப்டன். நின்ன எடத்துல நிப்பேன். அந்த வருஷம் முழுசும் டீமை விட்டே தள்ளி வச்சேன். நேர்மை வேணும்தான் அண்ணாச்சி, யாரு வேண்டாம்னா? ஆனா அதுக்கு ஒரு எடம் பொருள் பார்க்கணும். கேப்டன்கிட்ட வந்தா நேர்மையைக் காட்டுறது?

சரி, இந்த வருஷக் கதை. முதல் மேட்ச் தோத்தோம். நான் இருபத்தி மூணு பந்து நின்னு நாலு ரன் எடுத்தேன். ஒரு பக்கம் விக்கெட் விழாமப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அந்தப் பக்கம் நிக்கவன் அடிக்கணும். பத்து ஓவர் மேட்ச்ல இருபத்தி மூணு பந்து ஒருத்தன் நிக்குதான்னா அது எவ்வளவு பொறுமை. அதை எவனும் சொல்லல. தோத்துட்டு வந்து என் மூஞ்சியவே பார்க்கானுவ.

இங்கதான் ஆவுடையப்பன் வாரான். ஆவுடையப்பன் யாருன்னா வடிவுக்கு நேர் இளைய தம்பி, எனக்கு மச்சினன். இருபத்தாறு வயசு. போன ஆனி மாசம் எங்க ஊர்ல பால் குளிரூட்டுற எடத்துல வேலை கிடைச்சுது. எங்க வீட்டு மாடியிலதான் இருக்கான். நல்ல பையன்தான், இல்லன்னு சொல்லல. அடிச்சா பந்து தேரி மணல்மேட்டைத் தாண்டி வாய்க்காலுக்குள்ள போயித்தான் விழும். நான்தான் அவனை டீம்ல சேர்த்தேன். எட்டாவது ஆளா இறக்கினேன். அதுக்கு மேல ஏத்திவிட்டா புதுசா வந்தவனுக்குத் தலைக்கனம் வந்துரும்லா.

ரெண்டாவது மேட்சுக்கு நான் போக முடியல. வாழைத்தோட்டக்காரர் ஒருத்தருக்கு மோட்டார் எரிஞ்சு போச்சு, அவசரம்னு ஆளு மேல ஆளு விட்டுட்டார். பயலுவளே ஆவுடையப்பனை முதல்ல இறக்கி விட்டிருக்கானுவ. ஒம்பது விக்கெட்டுல ஜெயிச்சிட்டானுவ. அதுலயும் என் பங்கு உண்டு, பாத்துக்கிடுங்க. நான் தோட்டத்துல இருந்து நாலு தடவை போன் போட்டேன். ஒருத்தனும் எடுக்கல. எடுக்கலன்னா என்ன, கேப்டன் கூப்பிடுதாருங்கிற பயத்துலதானே ஆடியிருப்பானுவ?

மூணாவது மேட்சுக்கு நான் போயிட்டேன். மூணு ரன் எடுத்தேன். ஒரு ஓவர் போட்டேன், இருபத்தி ரெண்டு அடிச்சானுவ. அது வேணும்னே குடுத்தது. எதிராளிக்கு ஆசை காட்டணும், அப்பத்தான் அவசரப்பட்டு அவுட்டாவான். அதே மாதிரி அவசரப்பட்டானுவ, அவுட்டானானுவ, நாங்க ரெண்டு ரன்னுல ஜெயிச்சு அரையிறுதிக்குப் போயிட்டோம். பந்து ஆவுடையப்பன் கையிலதான் இருந்துச்சு, ஆனா ஆசை காட்டினது யாரு?

மறுநாள் சாயங்காலம் டீக்கடைக்கு வரச் சொன்னானுவ. பத்துப் பேரும் முன்னாலயே வந்து உக்காந்திருக்கானுவ. அப்பமே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. கடைசியில பேச்சிமுத்துதான் ஆரம்பிச்சான். "அண்ணே, உங்களுக்கும் முட்டி வலிக்கி, வயசும் நாப்பத்தி மூணாச்சு. அரையிறுதிக்கு நீங்க வெளிய இருந்து பார்த்துக்கிடுங்க. ஆவுடை கேப்டனா இருக்கட்டும்." நான் சொன்னேன், "ஏல, இது என்ன பஞ்சாயத்து போர்டா? வேணும்னா ஓட்டுப் போட்டுப் பாருங்க." கை தூக்கினானுவ. ஒம்பது கை ஆவுடைக்கு. ஒரே ஒரு கை எனக்கு.

நான் எனக்குப் போட்டுக்கிடல, அண்ணாச்சி. அந்த அளவுக்கு நான் இறங்கிப் போற ஆளு இல்ல. அந்த ஒத்தைக் கை ஆவுடையப்பன் கை. "அத்தான்தான் கேப்டனா இருக்கணும், நான் அவருக்குக் கீழ ஆடுதேன்"ங்கான். எவ்வளவு நடிப்பு பார்த்தியளா? ஒம்பது கை எந்திரிச்ச பெறகு, பத்தாவது கையை எனக்குத் தூக்கினா என்ன குறைஞ்சிரப் போவுது? அக்காகிட்ட நல்ல பேரு வாங்கணும், அதான் கணக்கு.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். நேரா வீட்டுக்கு வந்து பேட்டு, ஸ்டம்பு, கிளவுஸ் எல்லாத்தையும் சாக்குல கட்டிக் கட்டிலுக்கு அடியில போட்டேன். எப்படி ஆடுறானுவன்னு பார்ப்போம்னு உக்காந்திருந்தேன். ஞாயித்துக்கிழமை காலையில எந்திரிச்சுப் பார்க்கேன், சாக்கைக் காணும். வடிவு கோலம் போட்டுட்டு உள்ள வாரா. "எங்கடி சாக்கு?"ங்கேன். "தம்பி வண்டியில வச்சுக் கட்டிவிட்டுட்டேன். பிள்ளைங்க விளையாடட்டும், நீங்களும் போயி நல்லாச் சொல்லிக் குடுங்க"ங்கா. கல்யாணம் ஆகிப் பதினாறு வருஷத்துல அந்தச் சாக்கை நவுட்டி வச்சுப் பெருக்கினவ இல்ல, அன்னைக்குத் தூக்கிக் குடுத்துட்டா.

சரின்னு போனேன். ஊர் வாய் சும்மா இருக்காதுல்லா. மைதானத்துக்கு வெளியில ஒரு நாற்காலி போட்டுக் குடுத்தானுவ. ஃப்ளெக்ஸ்ல என் படத்தை எடுத்துட்டானுவளோன்னு பார்த்தேன், எடுக்கல. ஓரத்துல சின்னதாப் போட்டு "அணி ஆலோசகர்"னு எழுதியிருந்துச்சு. எல்லாம் ஆவுடையப்பன் ஏற்பாடு. நான் ஆலோசகர் வேலையைச் சும்மா பார்க்கல. துண்டை எடுத்துக்கிட்டு, வலப்பக்கம் வீசினா ஒரு அர்த்தம், இடப்பக்கம் வீசினா ஒரு அர்த்தம்னு பத்து ஓவரும் வீசினேன். ஒரு பய திரும்பிப் பார்க்கல. மனசுல வாங்கியிருப்பானுவ. அரையிறுதியும் ஜெயிச்சாச்சு.

பஸ் வீரசிகாமணி வந்துட்டா? ஆமா, வந்துட்டு. கதை சட்டுன்னு முடிஞ்சிரும், இருங்க.

காணும் பொங்கல். ஃபைனல். நியூ மின்னல் பத்தொம்பது வருஷத்துல முதல் தடவையா ஃபைனலுக்கு வந்திருக்கு. எதிர்த்தாப்பல பனையடிப்பட்டி டீம், நாலு வருஷமா அவங்கதான் கோப்பை. மைக் செட்டு கட்டி ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துதான். ஊரே கட்டுச்சோத்தைத் தூக்கிக்கிட்டு மைதானத்துக்கு வந்துட்டு. பொம்பளைங்களுக்குன்னு வேப்பமரத்தடியில பந்தல் போட்டிருந்தாங்க. அதுல பார்க்கேன், வடிவு உக்காந்திருக்கா. புளியோதரைத் தூக்குச்சட்டியை மடியில வச்சுக்கிட்டு முன் வரிசையில உக்காந்திருக்கா. என் மேட்ச் ஒண்ணுக்குக்கூட அவ வந்ததில்ல, அண்ணாச்சி. நான் வான்னு கூப்பிட்டதில்லதான். ஆனா வரணும்னு நினைச்சா வந்திருக்கலாம்லா?

அவங்க எழுபத்தி எட்டு அடிச்சானுவ. எங்களுக்கு எழுபத்தி ஒம்பது வேணும். ஃபைனல்ங்கிறதால பந்து போடுற பக்கம் கமிட்டி ஆளு ஒருத்தர் அம்பயரா நின்னார். லெக் அம்பயர் மட்டும் வழக்கம்போல பேட்டிங் பண்ணுற டீமோட ஆளு. பேட்டிங் பண்ணுறவனுக்குப் பக்கவாட்டுல கொஞ்சம் தள்ளி நிப்பாருல்லா, அவரு. அந்தப் பக்கக் கோட்டுல ரன் அவுட்டுன்னா அவரு சொல்லுறதுதான் முடிவு. ஆவுடையப்பன் என் நாற்காலிகிட்ட வந்தான். "அத்தான், நீங்க லெக் அம்பயர் நில்லுங்க. கோப்பை ஜெயிக்கிற அன்னைக்கு நீங்க மைதானத்துக்குள்ள நிக்கணும்"னான். என்ன அர்த்தம் அதுக்கு? பதினொண்ணுல ஒரு எடம் குடுக்க மனசில்ல, வெயில்ல நிக்க மட்டும் அத்தான் வேணும். ஆனாலும் பெருந்தன்மையாப் போயி நின்னேன்.

ஆவுடையப்பன் ஆடுனான். அதைச் சொல்லித்தான் ஆகணும். ஒரு பக்கம் விக்கெட் விழுந்துக்கிட்டே இருக்கு, இவன் மட்டும் வாய்க்காலுக்கும் வேப்பமரத்துக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கான். ஐம்பதைத் தாண்டிட்டான். மைக்குல இருக்கவன் "ஆவுடை"ங்கான், ஊரு மொத்தமும் "ஆவுடை, ஆவுடை"ங்கு. நான் பத்தொம்பது வருஷம் ஆடியிருக்கேன், அண்ணாச்சி. என் பேரு நாலு எழுத்துக்கு மேல இருக்கு, சொல்லுறது கஷ்டம்தான். ஆனா "நாயகம்"னாவது ஒருத்தன் ஒரு நாள் கத்தியிருக்கலாம்.

கடைசி விக்கெட். மூணு பந்து இருக்கு, ரெண்டு ரன் வேணும். பேச்சிமுத்து பேட்டிங், ஆவுடையப்பன் அந்தப் பக்கம் நிக்கான். பேச்சிமுத்து பந்தைச் சும்மா தட்டிவிட்டான். ஆவுடை ஓடி வாரான், என் பக்கத்துக் கோட்டுக்கு. எவனோ எடுத்து எறிஞ்சான், கீப்பர் பிடிச்சு ஸ்டம்பைத் தட்டிட்டான். கீப்பர் அவுட்டு கேக்கக்கூட இல்ல. கேட்டு என்ன பிரயோசனம், நிக்கது அவங்க ஆளுல்லான்னு, பந்தைத் திருப்பிப் போடப் போயிட்டான். போற போக்குல சும்மா வாய்ப்பழக்கத்துக்கு "என்ன அம்பயரே"ன்னான்.

நான் விரலைத் தூக்கிட்டேன்.

மைக்குல கத்திக்கிட்டிருந்தவன் பாதி வார்த்தையில நிறுத்திட்டான். பனையடிப்பட்டிக்காரனுவளுக்கே ஒரு நிமிஷம் புரியல. பெறகுதான் குதிச்சானுவ. ஒரு ரன்னுல தோத்துட்டோம். பேச்சிமுத்து என்னைய ஒரு பார்வை பார்த்தான். "எனக்கு ஒரு வருஷம் போட்டிய அண்ணே, உங்களுக்கு எத்தனை வருஷம்?"னு கேட்டுட்டுப் போறான். திமிரு பிடிச்ச பய.

ஆவுடையப்பன் என்ன செஞ்சான் தெரியுமா? ஒண்ணும் செய்யல. பேட்டை எடுத்துக்கிட்டு என்கிட்ட வந்தான். சண்டை போடப் போறான், போடட்டும், நானும் நாலு கேள்வி கேப்போம்னு நான் தயாரா நிக்கேன். "சரி அத்தான்"னு சொல்லிட்டுப் போயிட்டான். அவ்வளவுதான். ஒரு வார்த்தை வைஞ்சிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். வையாமப் போறது எவ்வளவு பெரிய குசும்பு.

ஆனா அண்ணாச்சி, அதுக்குப் பெறகு நடந்ததைக் கேளுங்க. பனையடிப்பட்டிப் பயலுவ என்னையத் தோள்ல தூக்கிட்டானுவ. மைக்குல "நேர்மையின் இலக்கணம், ஊத்துப்பாறை கோமதிநாயகம் அவர்கள்"னு முழுப்பேரும் சொல்லுதான். பொன்னாடை போர்த்தினாங்க. கமிட்டியில ஒரு ஷீல்டும் குடுத்தாங்க. "சிறந்த விக்கெட் கீப்பர்"னு அச்சடிச்சு மிச்சம் இருந்ததாம், அது மேல தாளை ஒட்டி "சிறந்த நடுவர்"னு பேனாவால எழுதிக் குடுத்தாங்க. டி.வி. மேல வச்சிருக்கேன். தாளு ஒரு ஓரத்துல பிரிஞ்சிருக்கு, பசை வச்சு ஒட்டணும்.

ஷீல்டோட வீட்டுக்கு வாரேன். வடிவு நடுவீட்டுல உக்காந்திருக்கா. தூக்குச்சட்டி திறக்காம அப்படியே இருக்கு. ஷீல்டை நீட்டினேன், வாங்கல. "நீங்க பார்த்தியளா?"ன்னு கேட்டா. நான் சொன்னேன், "நான் குடுத்தது தீர்ப்பு. கமிட்டியே ஒத்துக்கிட்டு." "அதைக் கேக்கல. அவன் கோட்டைத் தொட்டானா தொடலையான்னும் கேக்கல. பந்து ஸ்டம்புல படும்போது நீங்க பார்த்தியளா, அதை மட்டும் சொல்லுங்க"ங்கா. நான் ஷீல்டைத் துடைச்சுக்கிட்டே இருந்துட்டேன். மறுநாள் காலையில பையை எடுத்துட்டா. "உங்களுக்கு எப்ப பதில் தோணுதோ அப்ப சொல்லுங்க. பார்க்கலன்னாலும் பார்க்கலன்னு சொல்லுங்க, அந்த நிமிஷமே வந்துருதேன்"னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டா.

எட்டு நாளா எனக்குச் சோறு யாரு போடுதான்னு நினைக்கிய? ஆவுடையப்பன்தான். மாடியில இருந்து இறங்கி வந்து, "அத்தான், தோசை ஆறிப்போயிரும், சாப்பிடுங்க"ங்கான். சட்னியும் அரைச்சுருதான். நான் திங்கேன், என்ன செய்ய, பசிக்கில்லா. ஆனா அவன் எதுக்காகச் செய்யுதான்னு எனக்குத் தெரியாதா? என்னையச் சின்னவனாக்கணும். அதான்.

இப்பச் சொல்லுங்க. யாரு மேல தப்பு? என்ன, சிரிக்கிய? நீங்களும் அதையேதான் கேக்கிய. பார்த்தேனா இல்லையான்னு.

கொஞ்சம் கிட்ட வாங்க. இதை வடிவுகிட்டயும் சொல்லல, கமிட்டிகிட்டயும் சொல்லல. நீங்க சேர்ந்தமரத்துல இறங்கிப் போயிருவிய, அதனால சொல்லுதேன்.

பார்க்கல.

பேச்சிமுத்து பந்தைத் தட்டினது வரைக்கும் பார்த்தேன். அதுக்கப்புறம் அந்தச் சத்தம், ஆவுடை, ஆவுடைன்னு. யாருடா இவ்வளவு கத்துறதுன்னு வேப்பமரத்துப் பக்கம் திரும்பினேன். வடிவு எந்திரிச்சு நிக்கா. தலைக்கு மேல ரெண்டு கையையும் தூக்கித் தட்டிக்கிட்டு நிக்கா. அந்த மாதிரி அவ சிரிச்சு நான் பார்த்ததே இல்ல, அண்ணாச்சி. கல்யாணத்தன்னைக்குக்கூட இல்ல. அவளையே பார்த்துட்டு நின்னுட்டேன். அவளும் என்னையப் பார்த்தா. பார்த்ததும் சிரிப்பு நின்னு போச்சு, கை அப்படியே மேலயே நிக்கி. அப்பத்தான் பின்னால டக்குன்னு ஸ்டம்பு சத்தம் கேட்டுச்சு. திரும்பினா ஒரே புழுதி. கோடும் தெரியல, பேட்டும் தெரியல. கீப்பர் "என்ன அம்பயரே"ங்கான். எனக்கு நெஞ்சுல என்னமோ காந்துச்சு. விரல் எந்திரிச்சிட்டு.

ஆவுடை உள்ள வந்திருப்பானோ என்னமோ. வந்திருப்பான். அவன் ஓட்டத்துக்கு வந்திருப்பான்.

வடிவுக்கு எப்படி இந்தச் சந்தேகம் வந்துச்சுன்னுதான் எனக்கு இன்னும் பிடிபடல. அத்தனை பேரு இருந்தாங்க, ஒருத்தருக்கும் தோணல. இவளுக்கு மட்டும் எப்படித் தோணுச்சு? பொம்பளைங்களுக்கு என்னமோ ஒரு இது இருக்கு.

நீங்க சொல்லுறது சரிதான். சொல்லிட்டா வந்துருவா. ஒத்தை வார்த்தைதான். உங்ககிட்ட இப்பச் சொன்னேன்லா, வாய் ஒண்ணும் கோணிரல. வீட்டுக்குள்ள போனதும் செருப்பைக் கழத்திட்டு முதல் வார்த்தையா அதைத்தான் சொல்லப் போறேன். தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்.

இருங்க, போன் அடிக்கி. வடிவுதான். ஒரு நிமிஷம்.

ஆங், சொல்லு. பஸ்லதான் வாரேன். வீரசிகாமணி தாண்டியாச்சு. சாப்பிட்டேன், உன் தம்பி உப்புமா கிண்டினான். என்ன, இப்பவா? வந்து சொல்லுதேனே. பக்கத்துல ஆளு இருக்காங்க, வடிவு. ம். ம். சொல்லாட்டி வீட்டுக்கு வரவே வேண்டாமா? சரி. சரி, அழாத. சொல்லுதேன்.

பார்த்தேன். ஆமா. ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். கோட்டையும் பார்த்தேன், அவன் பேட்டையும் பார்த்தேன். வேற எங்கயும் பார்க்கல. சத்தியமா. ஹலோ. வடிவு. ஹலோ.

வச்சுட்டா.

பார்த்தியளா அண்ணாச்சி, உறுதியா ஒரு வார்த்தை சொன்னதும் அவளுக்குப் பேச்சே வரல. ஒத்துக்கிட்டா. இல்லன்னா எதிர்த்துப் பேசியிருப்பாள்ல? நான் போயி இறங்கும்போது பையோட வாசல்ல நிப்பா, பாருங்க.

என்ன அண்ணாச்சி, எந்திரிச்சிட்டிய? சேர்ந்தமரத்துக்கு இன்னும் மூணு நிறுத்தம் இருக்கே. பின்னாடி சீட்டுக்கா? அது டயர் மேல இருக்கு, போட்டுக் குலுக்கிரும். சரி, உக்காருங்க, உங்க இஷ்டம். நான் இங்க இருந்தே சொல்லுதேன், உங்களுக்குக் கேக்கும்லா?